நெல்லுக்கு நானோ உரம்: தழைச்சத்து எங்கே ஒழுகுகிறது, எப்படி அடைப்பது?

100 கிலோ யூரியாவில் 46 கிலோ தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், இருக்கிறது. அதை நீர் நிற்கும் நெல் வயலில் வழக்கம்போலத் தூவினால், பயிர் தனக்குள் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் 14 முதல் 18 கிலோ வரைதான். அதாவது, நூற்றுக்கு முப்பது அல்லது நாற்பது. மீதியில் கொஞ்சம் மண்ணில் தங்கும். மற்றதெல்லாம் காற்றோடும் தண்ணீரோடும் போய்விடும். அரைப் பங்குக்கு மேல் வழியில் சிந்திவிடுகிறது என்று தெரிந்தே நாம் குடத்தில் தண்ணீர் சுமக்கிறோம்.

‘மெதுவாக வெளியிடும் நானோ உரம்’ என்று இப்போது பேசப்படுவது, இந்தக் குடத்தின் ஓட்டையை அடைக்கும் முயற்சிகளில் ஒன்று. ஓட்டை எங்கே என்று தெரியாமல் அடைப்பானைப் பற்றிப் பேசிப் பயனில்லை. அதனால் நானோவைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, முதலில் வயலுக்குள் இறங்குவோம்.

யூரியா ஏன் வயலில் நிற்பதில்லை

யூரியா தண்ணீரில் சர்க்கரைபோலக் கரையும். கரைந்த யூரியாவுக்கு மின்னூட்டம் எதுவும் கிடையாது. களிமண் துகள்களின் மேற்பரப்பில் இருப்பதோ எதிர் மின்னூட்டம். நேர் மின்னூட்டம் உள்ள பொருள்களைத்தான் அது பிடித்து வைக்கும். எனவே யூரியா யூரியாவாக இருக்கும்வரை மண் அதைக் கட்டிப்போடாது. தண்ணீர் போகிற பக்கம் அதுவும் போகும்.

ஆனால் அது நெடுநாள் யூரியாவாக இருப்பதும் இல்லை. மண்ணிலும் நீரிலும் உள்ள நுண்ணுயிரிகள் ‘யூரியேஸ்’ என்ற நொதியைச் சுரக்கின்றன. அந்த நொதி சில நாள்களுக்குள், வெயில் காலமென்றால் இன்னும் விரைவாக, யூரியாவை உடைத்து அம்மோனியமாக மாற்றிவிடும். அம்மோனியத்துக்கு நேர் மின்னூட்டம் உண்டு. களிமண் அதைப் பிடித்துக்கொள்ளும். நெல் வேரும் அதை விரும்பி எடுக்கும். இந்த இடத்தோடு கதை முடிந்திருந்தால் நானோவும் தேவையில்லை, இந்தக் கட்டுரையும் தேவையில்லை.

சிக்கல் தேங்கி நிற்கும் தண்ணீரில் ஆரம்பிக்கிறது. நட்ட புதிதில் வயலில் நிழல் கிடையாது. வெயில் நேராகத் தண்ணீரில் விழும், பாசி கொழுக்கும். பாசி பகலெல்லாம் நீரிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் தண்ணீரின் காரத்தன்மை ஏறிக்கொண்டே போகும். காலையில் பி.எச். (அமில, காரத்தன்மையின் அளவுகோல்; 7 என்றால் நடுநிலை) 7ஐ ஒட்டி இருந்த தண்ணீர், நண்பகலில் 9ஐத் தாண்டுவது சாதாரணம். வேதியியலில் இங்கே ஓர் எல்லைக்கோடு இருக்கிறது: பி.எச். 9.25 அளவில், நீரிலுள்ள அம்மோனியத்தில் பாதி அம்மோனியா வாயுவாக மாறி நிற்கும். கொஞ்சம் காற்றடித்தால் போதும், அது பறந்துவிடும். மாலையில் பி.எச். இறங்கும், மறுநாள் நண்பகலில் மீண்டும் ஏறும். யூரியா தூவிய பின்வரும் ஒரு வாரம் முழுக்க இப்படியே பகலுக்குப் பகல் தழைச்சத்து ஆவியாகிக்கொண்டிருக்கும். நெல் வயலின் மிகப் பெரிய ஓட்டை பல இடங்களில் இதுதான். கண்ணுக்குத் தெரியாது என்பதால் யாரும் அதிகம் கவலைப்படுவதும் இல்லை.

இரண்டாவது ஓட்டை மண்ணுக்குள். நீர் கட்டிய வயலில் மண்ணின் மேல் சில மில்லிமீட்டர் மட்டும் காற்று கலந்த அடுக்காக இருக்கும். அதற்குக் கீழே ஆக்சிஜனே இல்லாத கருஞ்சேறு. மேலடுக்கில் உள்ள பாக்டீரியாக்கள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டுக்கு எதிர் மின்னூட்டம் என்பதால் களிமண் அதைப் பிடிக்காது. அது கீழ்நோக்கி நழுவும். கீழடுக்கில் மூச்சுவிட ஆக்சிஜன் கிடைக்காத வேறு பாக்டீரியாக்கள், அந்த நைட்ரேட்டில் இருக்கும் ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு மிச்சத்தை நைட்ரஜன் வாயுவாக வெளியே விடும். காற்றில் ஏற்கெனவே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். அதில் இதுவும் சேர்ந்தால் கெடுதல் ஒன்றுமில்லை, காசுதான் நட்டம். ஆனால் இந்த வேலை அரைகுறையாக முடியும்போது நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயு வெளிவரும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், பூமியைச் சூடேற்றுவதில் ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு ஏறத்தாழ 273 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். வயலை நனைத்துக் காயவிட்டு மறுபடி நனைக்கும்போது இது கூடுதலாக வரும்.

வடிகால் வழியே வெளியேறுவதும், மணற்பாங்கான நிலத்தில் நைட்ரேட்டாக நிலத்தடி நீருக்கு இறங்குவதும் மூன்றாவது ஓட்டை. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் வரம்பு வைத்திருப்பது சும்மா இல்லை.

பசி ஒரு நேரம், சோறு ஒரு நேரம்

இத்தனை ஓட்டைகளுக்கும் அடிப்படைக் காரணம் ஒன்றுதான். பயிருக்குத் தழைச்சத்து தேவைப்படும் காலமும் உரம் அதைக் கொடுக்கும் காலமும் பொருந்துவதில்லை.

நட்ட நாற்றுக்கு வேர் இன்னும் ஊன்றவில்லை. அப்போது அதன் தேவை மிகக் கொஞ்சம். தூர் கட்டத் தொடங்கியதும் பசி எடுக்கும். தண்டு உருளும் பருவத்தில், அதாவது உள்ளே கதிர் உருவாகத் தொடங்கும் வேளையில், பசி உச்சத்தில் இருக்கும். பூக்கும்வரை அது தொடரும். ஆக, இரண்டு மாத காலத்துக்குப் பரவிய பசி இது. யூரியாவோ ஒரே வாரத்தில் அத்தனையையும் கொட்டிவிடுகிறது. வேர் எடுக்காமல் மிஞ்சி நிற்கும் அம்மோனியம்தான் ஆவியாவதற்கும் நைட்ரேட் ஆவதற்கும் காத்திருக்கும் இரை.

உரத்தை அடியுரம், மேலுரம் என்று பிரித்து மூன்று நான்கு தவணையாக இடும் பழக்கம் இதனால்தான் வந்தது. நல்ல பழக்கம்தான். ஆனாலும் ஒவ்வொரு தவணையும் ஒரு சின்னக் கொட்டல்தான். சரியான நாளில் ஆள் கிடைக்க வேண்டும், வயலில் தண்ணீர் சரியான அளவில் நிற்க வேண்டும், மழை பெய்து அடித்துக்கொண்டு போகக் கூடாது.

வீணாவதைக் கண்டு பயந்து கூடுதலாக அள்ளிப் போட்டால் வேறு வினை. தழைச்சத்து மிஞ்சிய நெல் கரும்பச்சையாகத் தளதளவென்று நிற்கும், பார்க்க அழகு. தண்டு மெலிந்து நீண்டு, கதிர் கனத்ததும் சாய்ந்துவிடும். குலை நோய், இலையுறைக் கருகல், புகையான், இலைச்சுருட்டுப் புழு எல்லாம் இந்தத் தளதளப்பைத் தேடித்தான் வரும். ‘பயிர் கருத்திருக்கிறது’ என்று மகிழ்வதற்கு முன் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

நானோவுக்கு முன்பே இருந்தவை

மெதுவாகச் சத்து விடும் உரம் என்பது புதிய எண்ணம் கிடையாது. யூரியா மணிகளின்மேல் கந்தகம் பூசும் முறையை அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் 1960களிலேயே உருவாக்கியது. பிறகு பாலிமர் பூச்சு வந்தது. மணியின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தோல். தண்ணீர் அதற்குள் ஊறி, கரைந்த யூரியா மெல்ல வெளியே கசியும். ஜப்பானில் இந்த வகை உரம் நெல்லுக்குப் பரவலாகப் போனது. நாற்றங்கால் தட்டிலேயே விதையோடு சேர்த்துப் போட்டுவிட்டு, அதன்பின் பருவம் முழுக்க மேலுரமே இடாமல் நெல் வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். வேலை மிச்சம், உரமும் மிச்சம். ஆனால் சத்து தீர்ந்த பிறகு அந்தப் பிளாஸ்டிக் தோல் மட்டும் வயலில் மிஞ்சி, வடிகால் வழியே ஆறு கடந்து கடற்கரை மணலில் ஒதுங்கத் தொடங்கியது. ஓர் ஓட்டையை அடைக்கப்போய் இன்னொரு குப்பை.

இந்தியாவில் 2015 முதல் வேப்பெண்ணெய் பூசிய யூரியா கட்டாயமாக்கப்பட்டது. அது யூரியாவைப் பூட்டி வைப்பதில்லை. அம்மோனியத்தை நைட்ரேட் ஆக்கும் பாக்டீரியாக்களின் கையைக் கொஞ்ச நாள் கட்டிவைக்கிறது. எனவே இரண்டாவது ஓட்டைக்குத்தான் அது மருந்து. நண்பகலில் அம்மோனியாவாகப் பறப்பதை அது தடுப்பதில்லை. யூரியேஸ் நொதியையே தடுக்கும் வேதிப்பொருள்களும் உண்டு. அவை முதல் ஓட்டைக்கு.

எனக்கு மிகவும் பிடித்தது வங்கதேசத்தில் பரவிய முறை. யூரியாவை ஒரு கிராம் முதல் மூன்று கிராம் எடையுள்ள உருண்டைகளாக அழுத்தி, நான்கு குத்துகளுக்கு நடுவே ஒன்று என்று சேற்றுக்குள் 7 முதல் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைப்பார்கள். அந்த ஆழத்தில் பாசியும் இல்லை, வெயிலும் இல்லை, அம்மோனியத்தை நைட்ரேட்டாக்க ஆக்சிஜனும் இல்லை. மூன்றில் ஒரு பங்கு யூரியாவைக் குறைத்தும் விளைச்சல் குறையாமல் பார்த்திருக்கிறார்கள். இதில் உயர் தொழில்நுட்பம் என்று எதுவுமே இல்லை. கையும் முதுகு வலியும்தான். அந்த முதுகு வலியால்தான் அது எல்லா இடத்துக்கும் போகவில்லை.

சிறியதாக்கினால் என்ன மாறும்?

நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர். 1 முதல் 100 நானோமீட்டர் வரை அளவுள்ள துகள்களைப் பொதுவாக நானோ துகள் என்கிறார்கள்.

சிறியதாவதால் முதலில் மாறுவது மேற்பரப்பு. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரக் கட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு முகங்கள், மொத்தப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். ஒரு தபால் தலை அளவுதான். அதே கட்டியை ஒரு நானோமீட்டர் கனசதுரங்களாக நறுக்கினால் மொத்தப் பரப்பு 6,000 சதுர மீட்டர் ஆகிவிடும். ஒன்றரை ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. பொருளின் எடை கூடவில்லை, குறையவில்லை. ஆனால் ஒட்டிக்கொள்ள இடம் மட்டும் கோடி மடங்கு பெருகிவிட்டது.

மெதுவாக வெளியிடும் நானோ உரத்தின் உயிர்நாடி இதுதான். நானோ துகள் உணவு இல்லை. உணவைத் தாங்கும் தட்டு. யூரியா மூலக்கூறுகள் அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்ளும், அல்லது அதன் துளைகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். தண்ணீர் வந்து ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொண்டுபோக நேரமாகும்.

தட்டாக எதைப் பயன்படுத்தலாம்? களிமண்ணின் சில வகைகள் புத்தக ஏடுகள்போல நானோமீட்டர் இடைவெளி விட்டு அடுக்கப்பட்டவை. ஏடுகளுக்கு இடையே யூரியாவைச் செருகலாம். ஹாலோய்சைட் என்ற களிமண் இயற்கையிலேயே நுண்ணிய குழலாகச் சுருண்டிருக்கும்; அந்தக் குழலில் அடைக்கலாம். சியோலைட் என்ற கனிமம் கூண்டு போன்றது. அம்மோனியத்தைப் பிடித்து வைப்பதில் கெட்டிக்காரன். துளைகள் நிறைந்த சிலிக்கா இன்னொன்று. நெல்லுக்கு அது கூடுதல் பொருத்தம், ஏனென்றால் மண்ணிலிருந்து சிலிக்காவை அதிகமாக உறிஞ்சும் பயிர்களில் நெல் ஒன்று. உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காதான், எனவே தட்டைச் செய்யும் மூலப்பொருள் நெல்லிலிருந்தே கிடைக்கும். இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கும் கைட்டோசானை உருண்டையாக்கி அதற்குள் யூரியாவைப் பொதியலாம். மண்ணில் அது மக்கிவிடும்.

இவை தவிர, யூரியா மணியின்மேல் பூசும் படலத்துக்குள் நானோ களிமண் தகடுகளைக் கலக்கும் வழியும் உண்டு. நெரிசலான சந்தைக்குள் நுழைந்தவர் நேராக நடக்க முடியாமல் வளைந்து வளைந்து போவதுபோல, தண்ணீர் அந்தத் தகடுகளைச் சுற்றிச் சுற்றித்தான் உள்ளே போக முடியும். பூச்சு மெல்லியதாக இருந்தாலும் தாமதம் கிடைக்கும்.

இங்கே ஒரு பொதுக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மேற்பரப்பு கூடினால் பொருள் விரைவாகக் கரையும் என்றுதானே பள்ளியில் படித்தோம்? பொடித்த சர்க்கரை கல்கண்டைவிட விரைவாகக் கரைகிறதே? சரிதான். யூரியாவையே நானோ அளவுக்குப் பொடித்தால் அது இன்னும் வேகமாகத்தான் கரையும். மெதுவாவது, கரையாத இன்னொரு பொருளின் நானோ பரப்பில் யூரியாவைப் பிணைப்பதால். ‘நானோ’ என்ற சொல் மட்டும் எதையும் மெதுவாக்குவதில்லை. உறையில் நானோ என்று போட்டிருந்தால் எது நானோ, யூரியாவா அதைத் தாங்கும் பொருளா என்று கேட்க வேண்டும்.

எலும்பின் கனிமம் தாங்கிய யூரியா

இந்தத் துறையில் அதிகம் பேசப்பட்ட ஆய்வு இலங்கையில் நடந்தது. இலங்கை நானோ தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த குழுவினர் 2017இல் அதை வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட தட்டு ஹைட்ராக்சி அபடைட். நம் எலும்பையும் பல்லையும் கடினமாக்கும் அதே கால்சியம் பாஸ்பேட் கனிமம். இதைத் தேர்ந்ததில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது: சத்தை இறக்கிவிட்ட பிறகு தட்டும் மண்ணில் கரைந்து மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) கால்சியமும் ஆகிவிடும். பிளாஸ்டிக் தோல்போல எதுவும் மிஞ்சாது.

அவர்கள் ஆறு பங்கு யூரியாவுக்கு ஒரு பங்கு ஹைட்ராக்சி அபடைட் என்று கலந்தார்கள். இந்த விகிதம் முக்கியமானது. ஏழு கிலோ கலவையில் ஆறு கிலோ யூரியா என்றால், அதன் தழைச்சத்து சுமார் 39 விழுக்காடு. சாதாரண யூரியாவின் 46க்கு அதிகம் குறைவில்லை. பல தாங்கிப் பொருள்களின் வீழ்ச்சியே இங்கேதான். பாதி எடை களிமண், பாதி எடை யூரியா என்றால் தழைச்சத்து 23 விழுக்காடாகிவிடும். அதே சத்துக்கு இரண்டு மடங்கு மூட்டை சுமக்க வேண்டும்.

தண்ணீரில் வைத்துப் பார்த்தபோது, இந்தக் கலவையின் தொடக்க வெளியீடு தூய யூரியாவைவிட 12 மடங்கு மெதுவாக இருந்தது. நெல் வயல் சோதனையில், வழக்கமான யூரியா அளவில் பாதியை மட்டும் இந்த வடிவில் இட்டே மேலான விளைச்சல் கிடைத்தது என்று அறிவித்தார்கள்.

12 மடங்கு என்றதும் பன்னிரண்டு வாரம் என்று நினைத்துவிடக் கூடாது. தூய யூரியா தண்ணீரில் கரைய எடுப்பது சில நிமிடங்கள்தான். அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் வருவது ஒரு மணி நேரச் சுமார். வயல் மண்ணில் நிலைமை வேறு. அங்கே துகள் சேற்றோடு ஒட்டிக் கிடக்கும், நீர் அலசிக்கொண்டே இருக்காது. ஆனாலும் ஆய்வகக் குடுவையின் எண்ணை அப்படியே வயலின் நாள்காட்டிக்கு மாற்ற முடியாது. எந்த மெதுவெளியீட்டு உரத்தைப் பற்றிப் படித்தாலும், ‘எதைவிட மெதுவு, எதில் வைத்துப் பார்த்தார்கள், எத்தனை நாள்’ என்ற கேள்விகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியீடு எந்த வடிவில் நடக்கிறது என்பதும் பார்க்க வேண்டியது. பரப்பில் ஒட்டியிருக்கும் யூரியா முதல் நாளிலேயே கணிசமாக உதிர்ந்துவிட்டு, மிச்சம் மட்டும் இழுத்துக்கொண்டு போவது நானோ தாங்கிகளில் அடிக்கடி நடப்பது. நெல்லுக்கு வேண்டியது இதற்கு நேர்மாறு: முதலில் கொஞ்சம், தூர் கட்டும்போது நிறைய, கதிர் உருவாகும்போது இன்னும் நிறைய. நல்ல பாலிமர் பூச்சுகள் இந்த வளைவை ஓரளவு எட்டியிருக்கின்றன. வெயில் ஏறினால் அவையும் வேகமெடுக்கும். பயிரும் வெயிலில் வேகமாக வளர்வதால் அது பெரும்பாலும் நல்லதுக்கே.

அதே பெயரில் இன்னொரு பொருள்

இங்கேதான் ஆரம்ப நிலை வாசகர் அதிகம் தடுமாறுவார். ‘நானோ யூரியா’ என்று பாட்டிலில் விற்கப்படும் திரவம், இதுவரை நாம் பேசியது இல்லை. அது மண்ணில் இடும் மெதுவெளியீட்டு உரம் இல்லை, இலையில் தெளிப்பது. இந்தியாவில் 2021இல் இஃப்கோ கூட்டுறவு நிறுவனம் இதை அறிமுகப்படுத்தியது. 500 மில்லிலிட்டர் பாட்டில் ஒன்று, 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றுக்கு மாற்றாகும் என்பது விளம்பரம்.

ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். 45 கிலோ யூரியாவில் தழைச்சத்து 20.7 கிலோ. முதலில் வந்த திரவத்தில் 4 விழுக்காடு தழைச்சத்து. ஆக ஒரு பாட்டிலில் 20 கிராம். ஆயிரத்தில் ஒரு பங்கு! செறிவை ஐந்து மடங்கு கூட்டினாலும் 100 கிராம்தான் வரும். இன்னொரு பக்கத்திலிருந்து பார்ப்போம். ஒரு டன் நெல் விளைய, பயிர் தோராயமாக 15 முதல் 20 கிலோ தழைச்சத்தை எடுத்தாக வேண்டும். ஹெக்டேருக்கு 6 டன் என்றால் 90 முதல் 120 கிலோ. ஏக்கருக்கு 36 முதல் 48 கிலோ. தெளித்த 20 கிராமும் ஒரு துளி சிந்தாமல் இலைக்குள் போய்விட்டதாகவே வைத்துக்கொண்டாலும், அது கடலில் கரைத்த பெருங்காயம். சாதாரண யூரியாவையே 2 விழுக்காடு கரைசலாக்கி ஹெக்டேருக்கு 500 லிட்டர் தெளித்தால் 4.6 கிலோ தழைச்சத்து போகும். அதையே யாரும் மேலுரத்துக்கு மாற்று என்று சொல்வதில்லை, அவசரத்துக்குக் கொடுக்கும் தெம்பு என்றுதான் சொல்வார்கள்.

பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் இரண்டு ஆண்டு வயல் சோதனை நடத்தியது. தழைச்சத்து உரத்தைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் நானோ யூரியா தெளித்த வயல்களில், முழு அளவு உரமிட்ட வயல்களோடு ஒப்பிடும்போது நெல் விளைச்சல் 13 விழுக்காடு குறைந்தது. கோதுமையில் சரிவு இன்னும் அதிகம். தானியத்தின் புரதமும் குறைந்தது. தழைச்சத்து இல்லாமல் புரதம் எங்கிருந்து வரும்?

நானோ தொழில்நுட்பத்தையே இதற்காகத் தள்ளிவிட வேண்டியதில்லை. மெதுவெளியீட்டு உரத்தின் தர்க்கம் வேறு. அது தழைச்சத்தை உண்டாக்குவதாகச் சொல்லவில்லை, வீணாவதைக் குறைப்பதாகத்தான் சொல்கிறது. 100 கிலோ இட்டு 35 கிலோ பயிருக்குப் போகிறது என்றால், உறிஞ்சும் திறனை 60 விழுக்காடாக உயர்த்த முடிந்தால் 60 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக இட்டாலே அதே 35 கிலோ போய்ச் சேரும். கணக்கு இடிக்கவில்லை. இப்படிக் கணக்கு இடிக்காத வாக்குறுதிகளுக்கு மட்டும் காது கொடுத்தால் போதும் என்பது என் கட்சி.

‘பாதி உரம், அதே விளைச்சல்’ என்பதை எப்படிப் படிப்பது

கணக்கு இடிக்காவிட்டாலும் ஏமாற இடம் இருக்கிறது. நெல் வயலில் உரமே இடாமல் விட்டாலும் ஒன்றும் விளையாமல் போவதில்லை. மட்கு, பாசி, நீர், முந்தைய பயிரின் வேர் எல்லாமாகச் சேர்ந்து மண் கணிசமான தழைச்சத்தைக் கொடுக்கும். பயிர் எடுக்கும் மொத்தத் தழைச்சத்தில் பாதிக்கு மேல் மண்ணிலிருந்தே வருவது நெல்லில் வழக்கம்.

ஓர் எடுத்துக்காட்டு வைத்துப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. உரமே இல்லாத வயலில் ஹெக்டேருக்கு 4 டன். 60 கிலோ தழைச்சத்து இட்டால் 5.6 டன். 120 கிலோ இட்டால் 6 டன். முதல் 60 கிலோ 1.6 டன்னைக் கொண்டுவந்தது. அடுத்த 60 கிலோ கொண்டுவந்தது 0.4 டன்தான். உர அளவு ஏற ஏற விளைச்சல் வளைவு தட்டையாகிவிடும்.

இப்போது ஒருவர், 120 கிலோ சாதாரண யூரியாவுக்கு எதிரே 60 கிலோ நானோ உரம் வைத்துச் சோதிக்கிறார். நானோ வயலில் 5.7 டன். ‘பாதி உரத்தில் 95 விழுக்காடு விளைச்சல்’ என்று தலைப்புப் போடலாம், பொய்யில்லை. ஆனால் நானோ சேர்த்தது எவ்வளவு? 5.6 டன்னுக்கு மேலே உள்ள 0.1 டன். மிச்சமெல்லாம் 60 கிலோ சாதாரண யூரியாவே தந்திருக்கும். ஏற்கெனவே அளவுக்கு மிஞ்சி உரம் இட்டுக்கொண்டிருக்கும் வயலில், எதைத் தெளித்துவிட்டு உரத்தைக் குறைத்தாலும் விளைச்சல் அவ்வளவாகக் குறையாது. வெறும் தண்ணீர் தெளித்தாலும்தான்.

எனவே ஒரு சோதனையை நம்புவதற்கு முன் இரண்டு பாத்திகளைத் தேட வேண்டும். தழைச்சத்தே இடாத வெறும் பாத்தி ஒன்று. குறைத்த அளவைச் சாதாரண யூரியாவாகவே இட்ட பாத்தி இன்னொன்று. இந்த இரண்டும் இல்லாத சோதனையில், வெற்றி யாருடையது என்றே சொல்ல முடியாது.

ஒரு பருவத்துச் சோதனையும் போதாது. உரத்தைக் குறைத்த முதல் ஆண்டு மண் தன் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடும். வங்கிக் கணக்கிலிருந்து எடுத்துச் செலவு செய்துவிட்டு வருமானம் குறையவில்லை என்று சொல்வது போன்றது அது. மூன்று நான்கு ஆண்டு அதே இடத்தில் பார்த்தால்தான் உண்மை நிலவரம் தெரியும்.

மற்ற சந்தேகங்கள், சுருக்கமாக

நானோ துகள்கள் ஆபத்தா என்ற கேள்வி எப்போதும் எழும். எல்லா நானோவும் ஒன்றில்லை. ஹைட்ராக்சி அபடைட், சிலிக்கா, களிமண், கைட்டோசான் போன்றவை மண்ணுக்கு அந்நியமானவை இல்லை. வெள்ளி, துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு ஆகியவற்றின் நானோ துகள்கள் வேறு வகை. மண் நுண்ணுயிரிகளை அவை பாதிக்கக்கூடும், அளவு பார்த்துத்தான் பயன்படுத்த வேண்டும். எதுவானாலும், உலர்ந்த தூளாகக் கையாளும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது அவசியம். மண்ணுக்குள் போன பிறகு பெரும்பாலான துகள்கள் ஒன்றோடொன்றும் களிமண்ணோடும் ஒட்டித் திரண்டுவிடும்; அப்புறம் அவை நானோவே இல்லை. பாதுகாப்புக்கு அது நல்லது, வேலைத்திறனுக்கு எப்போதும் நல்லது என்று சொல்ல முடியாது.

செலவைப் பொறுத்தவரை, ஆய்வகத்தில் சில கிராம் செய்வதும் ஆலையில் ஆயிரக்கணக்கான டன் செய்வதும் வேறு வேறு. யூரியா உலகிலேயே மலிவாகச் செய்யப்படும் வேதிப்பொருள்களில் ஒன்று. பல நாடுகளில் அதற்கு அரசு மானியமும் உண்டு. அதோடு போட்டி போட வேண்டிய எந்தப் பூச்சுக்கும் தாங்கிக்கும் பாடுதான்.

கூடவே, காசு அதிகம் கேட்காத துணைகள் இருக்கின்றன. அடியுரத்தைத் தேங்கிய நீரில் தூவாமல், நீரை வடித்துச் சேற்றோடு கலந்துவிட்டுப் பிறகு நீர் கட்டினால், ஆவியாகும் ஓட்டை பெருமளவு சுருங்கும். இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்து, இலை வெளுத்தால் மட்டும் மேலுரம் இட்டால் தேவையில்லாத தவணை ஒன்று மிஞ்சலாம். நானோ உரத்தைச் சோதிப்பவர் இவற்றையும் பக்கத்திலேயே வைத்து ஒப்பிட வேண்டும். உரத்தை மாற்றியதால் வந்த மிச்சமா, தண்ணீரை ஒழுங்குபடுத்தியதால் வந்த மிச்சமா என்று பிறகு பிரிக்க முடியாமல் போய்விடக் கூடாது.

சொந்த வயலில் பார்த்துவிடலாம் என்று நினைப்பவருக்கு நான்கு பாத்திகள் போதும். ஒன்றில் தழைச்சத்தே வேண்டாம். ஒன்றில் வழக்கமான யூரியா அளவு முழுதாக. மூன்றாவதில் அதைவிடக் குறைத்த அளவு, சாதாரண யூரியாவாகவே. நான்காவதில் அதே குறைத்த அளவு, மெதுவெளியீட்டு உரமாக. மணிச்சத்தும் சாம்பல் சத்தும் (பொட்டாஷ்) நான்கிலும் ஒரே அளவு இருக்கட்டும். ஹைட்ராக்சி அபடைட் சேர்ந்த உரமென்றால் அதிலுள்ள மணிச்சத்தையும் கணக்கில் கழித்துவிடுங்கள். பாத்திகளுக்கு நடுவே வரப்பு உயரமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்துப் பாத்தியின் யூரியா தண்ணீரோடு வந்து வெறும் பாத்தியையும் பச்சையாக்கிவிடும். அறுவடையில் ஓரத்து வரிசைகளை விட்டுவிட்டு நடுவில் மட்டும் அறுத்து, நெல்லின் ஈரப்பதத்தை 14 விழுக்காட்டுக்குச் சரிசெய்து, அதன் பிறகு எடை போடுங்கள். மூன்றாவது பாத்திக்கும் நான்காவது பாத்திக்கும் இடையில் எத்தனை கிலோ வித்தியாசம் நிற்கிறதோ, அந்த உரத்தின் வேலை அத்தனை கிலோ.